எலிக்ஸிருக்கு முதலாளியைச் சம்மதிக்க வைப்பது எப்படி?

கேள்வி – 9 மே 2024

நாகர்கோவிலில் 12 பேர் வேலை பார்க்கும் கம்பெனி எங்களுடையது. ஜாவா, பி.எச்.பி. தவிர வேறு எதுவும் கிடையாது. ஆறு மாதமாக வீட்டில் எலிக்ஸிர் என்ற நிரல் மொழி படிக்கிறேன். இவ்வளவு நல்ல மொழியை இங்கே யாரும் ஏன் கண்டுகொள்ளவில்லை என்று ஆத்திரமாக வருகிறது. போன வாரம் முதலாளிக்கு 24 ஸ்லைடு போட்டுக் காட்டினேன். வாட்ஸ்அப், டிஸ்கார்டு என்று எல்லாக் கதையும் சொன்னேன். பத்தாவது ஸ்லைடில் டீ குடிக்க எழுந்து போனவர் திரும்பி வரவேயில்லை. நல்ல மொழி என்றால் தானாக ஜெயிக்க வேண்டாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள் அண்ணே.

9 மே 2024, இரவு

தம்பி, பத்தாவது ஸ்லைடு வரைக்கும் உட்கார்ந்திருந்தாரே, உங்கள் முதலாளி பொறுமைசாலி. எங்கள் அண்ணாச்சி மூன்றாவதிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

இது 2021 டிசம்பரில் நடந்தது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் உள்ள காற்றாலைகளைக் கண்காணிக்கும் மென்பொருள் எங்களுடையது. பெரிய கம்பெனிகள் சொந்தமாக ஏற்பாடு வைத்திருக்கும். எங்களிடம் வருபவர்கள் சின்ன ஆட்கள்: நூல் மில்காரர், நகைக்கடைக்காரர், வரிக்கழிவு கிடைக்கும் என்று ஒரு காலத்தில் ஒன்றோ இரண்டோ 250 கிலோவாட் காத்தாடி வாங்கிப் போட்டவர்கள். மீட்டரில் ஒரு மோடம், மோடத்துக்குள் ஒரு சிம். அது இரவும் பகலும் எங்கள் சர்வரோடு தொடுப்பில் இருக்க வேண்டும். காத்தாடி நின்றால் தளத்து ஆபரேட்டருக்கும் உரிமையாளருக்கும் போன் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. மொத்தம் 180 காத்தாடி.

மோடங்களிடமிருந்து தகவல் வாங்கும் நிரலைப் பைத்தானில் எழுதியவன் நான்தான். எங்கோ ஒரு மீட்டர் அரைகுறையாக நாலு பைட் அனுப்பினால் போதும், மொத்தமும் படுத்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்த்து எழுப்பிவிட இன்னொரு நிரல். அந்த எழுப்புகிற நிரலும் சில நாள் தூங்கிவிடும். ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, எங்களுக்கு சிம் சிக்னல் பறக்கும். பாதி மோடம் அறுந்து அறுந்து வரும்.

எலிக்ஸிர்தான் தீர்வு என்று முடிவு கட்டிக்கொண்டு ஸ்லைடு போட்டேன். அண்ணாச்சி கேட்டது ஒன்றே ஒன்று: “அதெல்லாம் கொள்ளாம் மக்கா. நாளைக்கு நீ இல்லைன்னா இத யாரு பாப்பா?”

என்னிடம் பதில் இல்லை. கோபம் மட்டும் இருந்தது. இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

10 மே 2024

நேற்று எழுதியதைத் தொடர்கிறேன். தூக்கம் வந்துவிட்டது.

வாட்ஸ்அப் கதையைச் சொல்லாதே என்று சொல்ல மாட்டேன், நல்ல கதைதான். எர்லாங் மொழி 1986 வாக்கில் ஸ்வீடனில் எரிக்சன் என்ற தொலைத்தொடர்பு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்தது. ஜோ ஆம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் மூன்று பேர். எர்லாங் நிரல்களை ஓட்டும் அதே மென்பொருள் எந்திரத்தின் மேல் 2011-லிருந்து ஜோசே வலிம் என்ற பிரேசில்காரர் கட்டியது எலிக்ஸிர். வாட்ஸ்அப் ஓடுவது எர்லாங்கில். 2014-ல் ஃபேஸ்புக் 1900 கோடி டாலருக்கு அதை வாங்கியபோது 45 கோடிப் பயனர், 32 பொறியாளர். கேட்கவே புல்லரிக்கும்.

ஆனால் அண்ணாச்சி இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பார். அவரிடம் 45 கோடிப் பயனர் இல்லை, 180 காத்தாடிதான் இருக்கிறது. அந்த 32 பேரும் வடசேரி பஸ் நிலையத்தில் இறங்கி நம் ஆபீசுக்கு வரப்போவதும் இல்லை. அவர் காதில் என்ன விழுந்திருக்கும்? “பையன் பெரிய கம்பெனிக்குப் போகத் தயாராகிறான்.” சத்தியமாக இதைத்தான் பின்னால் ஒருநாள் என்னிடமே சொன்னார்.

இன்னொன்றும் உண்டு. ஃபேஸ்புக் 2008-ல் தன் சொந்த அரட்டை வசதியை எர்லாங்கில்தான் தொடங்கியது. பின்னால் அதைக் கைவிட்டு சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிக்கொண்டது. அப்புறம் எர்லாங்கில் ஓடும் கம்பெனியைக் கோடி கோடியாகக் கொட்டி வாங்கியது. இந்தக் கதையில் பாதியை மட்டும் ஸ்லைடில் போட்டு, மீதியை முதலாளி வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டால், அன்றோடு நம் பேச்சுக்கு மரியாதை போச்சு.

11 மே 2024

ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருந்தார்: ஒன்பது ஒன்பது கணக்கைச் சொல்லலாமா என்று. எர்லாங்கில் எழுதிய, எரிக்சனின் ஏ.எக்ஸ்.டி. 301 என்ற தொலைத்தொடர்பு சுவிட்ச் 99.9999999 சதவீதம் நிற்காமல் ஓடியது என்று சொல்வார்களே, அது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம்தான் நின்றிருக்க வேண்டும். என் மூன்றாவது ஸ்லைடு அதுதான். அண்ணாச்சி நிறுத்திய இடமும் அதுதான்.

போடாண்டாம். குறிப்பிட்ட ஒரு சோதனைக் காலத்தில், குறிப்பிட்ட சில சுவிட்சுகளை வைத்து எடுத்த எண் அது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று ஒருவரும் சத்தியம் பண்ண முடியாது. அதைவிட, நம் மோடத்துக்கு மின்சாரம் போவதே நாளுக்கு இரண்டு தடவை. ஒன்பது ஒன்பதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

13 மே 2024

“180 இணைப்புக்கு எர்லாங்கா? கொசு அடிக்கப் பீரங்கியா?” என்று கேட்டிருக்கிறார் ஒருவர். சிரித்துவிட்டேன், ஏனென்றால் கேள்வி சரி.

எண்ணிக்கைக்காக என்றால் தேவையே இல்லை. 180 என்ன, சில ஆயிரம் இணைப்பைக்கூடப் பைத்தான் சுமக்கும். எனக்கு வேண்டியிருந்தது வேறு. ஒரு காத்தாடியின் கோளாறு பக்கத்துக் காத்தாடியைத் தொடக்கூடாது. எர்லாங் எந்திரத்தில் ஒவ்வொரு காத்தாடிக்கும் ஒரு புராசஸ், அதாவது தனியாக ஓடும் ஒரு வேலை. இயக்கமுறைமையின் புராசஸ் இல்லை, அதற்குள்ளேயே ஓடும் குட்டிப் புராசஸ். பிறக்கும்போது 3 கிலோபைட்டுக்கும் குறைவாகத்தான் நினைவகம் எடுக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம், தனிக் குப்பை அள்ளல் (பயன்படாத நினைவகத்தை விடுவிப்பது). ஒன்று செத்தால் அதன் மேலே இருக்கும் கண்காணி திரும்ப எழுப்பும், மற்ற 179-க்குச் சேதி கூடத் தெரியாது. தோவாளைச் சந்தையில் ஒரு கடைக்காரர் மயங்கி விழுந்தால் அவர் கடைதானே மூடும், சந்தையே மூடாதே. அந்த மாதிரி.

அப்புறம் பைட்டுகளைப் பிரித்து எடுப்பது. மீட்டர்கள் பேசுவது மாட்பஸ், 1979-ல் வந்த நெறிமுறை. பைத்தானில் 60 வரியில் நான் எழுதியிருந்த பிரிப்பு எலிக்ஸிரில் 9 வரி. முதல் பைட் முகவரி, அடுத்தது கட்டளை, அடுத்தது நீளம், நடுவில் தரவு, கடைசி இரண்டு பைட் பிழைச் சோதனை என்று படம் வரைகிற மாதிரி எழுதி வைத்தால் போதும். பொருந்தாத பொட்டலம் அந்த வாசலிலேயே நின்றுவிடும். தொலைபேசிக்காரர்கள் தங்களுக்காகச் செய்துவைத்தது, 35 வருடம் கழித்து முப்பந்தலில் உதவியது.

ஆனால் இதையும் முதலாளியிடம் சொல்லாதே. 9 வரி, 60 வரி என்றால் அவருக்கு ஒன்றுதான்.

13 மே 2024, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு நேர்மைக் குறைவு. ஒவ்வொரு காத்தாடிக்கும் ஒரு தனிப் பைத்தான் நிரல் ஓட்டி, செத்தால் லினக்ஸே எழுப்பும்படி வைத்திருந்தால் இதில் முக்கால்வாசி கிடைத்திருக்கும். 180 நிரல், கொஞ்சம் நினைவகம் தின்னும், சர்வர் தாங்கும். அன்று எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் செய்திருப்பேனா? எலிக்ஸிர் எழுத ஆசையாக இருந்தது, அதுதான் உண்மை. தம்பி, உனக்கும் அதுதானே?

16 மே 2024

சரி, கடைசியில் எப்படிச் சம்மதித்தார் என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள்.

முகத்தைத் தூக்கி வைத்திருந்த அந்த இரண்டு வாரத்தில் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான். 2021 சீசனின் பதிவேட்டை முழுக்கப் படித்தேன். மே முதல் செப்டம்பர் வரை எங்கள் நிரல் 41 தடவை படுத்திருந்தது. மிக நீளமான இடைவெளி 3 மணி 20 நிமிடம், அதுவும் நடு இரவில். அன்றைக்கு ஒரு காத்தாடி 11 மணிக்கு டிரிப் ஆகியிருக்கிறது. மின்னழுத்தம் ஒரு நொடி சரிந்ததால் வந்த சின்ன டிரிப், ஆபரேட்டர் போய் ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடியிருக்கும். அந்த ஒரு சேதி எங்கள் சர்வர் தூங்கியபோது வந்ததால் தொலைந்தே போனது. காலை ஆறு மணிக்கு ஆபரேட்டர் தானாகப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஏழு மணி நேரம். நல்ல காற்றில் மணிக்கு 200 யூனிட் என்று வைத்தால் 1400 யூனிட், யூனிட் 3 ரூபாய் என்றால் 4200 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் ஆடி மாதத்து யூனிட்டுக்காகத்தான் அவன் வருடம் முழுக்கக் காத்தாடியைக் கட்டி மேய்க்கிறான். தை மாசியில் அது பாட்டுக்குச் சும்மா நிற்கும். அந்த உரிமையாளர் எங்களை விட்டுப் போய்விட்டார். அவரோடு சேர்ந்து இன்னும் இரண்டு பேர். மூவருக்கும் சேர்த்து 22 காத்தாடி. காத்தாடிக்கு மாதம் 600 ரூபாய் வாங்குகிறோம். வருடத்துக்கு 1,58,400 ரூபாய் போச்சு.

இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். மொழியின் பேர் அந்தத் தாளில் கடைசி வரியில்தான் இருந்தது. நடுவில் செலவு: என் மூன்று மாதச் சம்பளம், இன்னொருவர் படிக்க இரண்டு மாதச் சம்பளம். அதற்குக் கீழே, தோற்றால் என்ன செய்வோம் என்பது. பழைய நிரல் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், இரண்டும் ஒரே தரவுத்தளத்தில் ஒரே மாதிரி அட்டவணையில் எழுதும், வேண்டாம் என்றால் புதியதை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பில் போடும் மென்பொருளோ ரிப்போர்ட்டோ எதையும் தொட மாட்டேன்.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அப்புறம் சொன்னார்: “ரெண்டு பேருக்குத் தெரியணும். ஒரு சீசன் பூரா ரெண்டும் ஓடணும். ஆடியில எதையும் தொடாண்டாம். செரின்னா செய்யி.”

எழுந்து போகும்போது ஒன்று: “நம்ம பேசுக தமிழையே மெட்ராஸ்ல பாதிப் பேருக்கு விளக்கிச் சொல்லணும். இதுல கம்ப்யூட்டருக்கும் ஆருக்கும் தெரியாத மொழியா மக்கா?”

18 மே 2024

எலிக்ஸிர் என்பதை அண்ணாச்சி இன்றுவரை “அந்த டானிக்” என்றுதான் சொல்வார். அகராதியில் பார்த்தேன், பெரிய பிழை இல்லை.

20 மே 2024

குலசேகரத்தில் ரப்பர் வியாபாரிக்கு பில் மென்பொருள் செய்கிறவர் கேட்கிறார், ஹாஸ்கெல் என்ற நிரல் மொழியில் மாற்றி எழுதலாமா என்று. ஷீட் எத்தனை கிலோ, ஒட்டுப்பால் எத்தனை கிலோ, இன்றைய விலை என்ன, முன்பணம் கழித்து மீதி எவ்வளவு. இதில் எதற்குப் பிழைபொறுக்கும் மொழியும் வகைக் கோட்பாடும்? பி.எச்.பி.யில் ஓடுகிறது அல்லவா, ஓடட்டும். எங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக யாரும் திறந்து பார்க்காத நிரல், மாதாமாதம் சம்பளம் போடுகிறது. அதைத் தொடுகிறவன் கையை வெட்டுவேன் என்று சுவரில் எழுதியிருக்கிறோம்.

எழில் மொழியில் எழுதலாமே, தமிழாகவும் இருக்குமே என்று கிண்டல் செய்தவருக்கு: எழில் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்க வந்தது, அந்த வேலைக்கு நல்லது. என் மகளுக்கு அதில்தான் முதல் பாடம். அவளிடம் காத்தாடியை ஒப்படைக்க இன்னும் பத்து வருடம் ஆகும்.

2 ஜூன் 2024

2022 சீசன் எப்படிப் போனது என்று கேட்டதற்கு: இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. பழையது 37 தடவை படுத்தது, புதியது ஒரு தடவையும் படுக்கவில்லை.

ஆனால் முதல் வாரமே மானம் போனது. புதிய திரையில் ஒரு காத்தாடி 6 கோடியே 55 லட்சம் யூனிட் ஓட்டியதாகக் காட்டியது. அண்ணாச்சி அதை முதலில் பார்த்துவிட்டார். “இது என்ன காத்தாடியா, கூடங்குளமா?”

மாட்பஸ்ஸில் ஒரு பதிவேடு (மீட்டர் எண்ணை வைக்கும் கட்டம்) 16 பிட். பெரிய எண்ணை இரண்டு பதிவேட்டில் பிரித்து வைப்பார்கள். எதை முதலில் வைப்பது என்பது மீட்டர் செய்பவரின் இஷ்டம். மேல் பாதி 2, கீழ் பாதி 1000 என்றால் எண் 1,32,072. மாற்றிப் படித்தால் 6,55,36,002. பழைய நிரலில் இந்த ஒரு மீட்டர் வகைக்கு நான் எப்போதோ ஒரு விதிவிலக்கு எழுதியிருந்தேன். ஏன் என்று குறிப்பு எழுதவில்லை, ஓர்மையும் இல்லை. எந்த மொழி வந்தாலும் இதிலிருந்து காப்பாற்றாது.

19 ஜூலை 2024

மேலே 2 ஜூன் அன்று பெருமை அடித்தேன் பாருங்கள். நேற்று ராத்திரி அதற்கு வட்டியும் முதலுமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆடி பிறந்து மூன்று நாள்கூட முழுதாக ஆகவில்லை. 1 மணி 10 நிமிடம் மொத்தச் சர்வரும் செத்துக் கிடந்தது. 180-ம்.

நடந்தது இது. ஆபீசில் சாயங்காலம் புதுக் காத்தாடி ஒன்றைச் சேர்த்தார்கள். திறன் என்ற கட்டத்தில் 250 போடுவதற்குப் பதில் 0 என்று விழுந்திருக்கிறது. ஓடும் சுமை எத்தனை சதவீதம் என்று கணக்கிட அந்தப் புராசஸ் திறனால் வகுக்கும். பூஜ்யத்தால் வகுத்தது, செத்தது. கண்காணி எழுப்பியது. எழுந்து அதே பூஜ்யத்தைப் படித்து, திரும்பவும் வகுத்து, திரும்பவும் செத்தது. சாகட்டும், எழுப்பிக்கொள்ளலாம் என்பதுதானே இந்த மொழிக்காரர்களின் வேதம். ஆனால் வேதத்தில் ஒரு சின்ன எழுத்து உண்டு. எலிக்ஸிரின் கண்காணி, வேறு சொல்லாவிட்டால், ஐந்து நொடிக்குள் 3 தடவைதான் எழுப்பும். அதற்கு மேல் போனால் “என்னால் ஆகாது” என்று தானும் செத்து மேலதிகாரியிடம் விட்டுவிடும். மேலதிகாரி கீழே எல்லாரையும் புதிதாக எழுப்பினார். பூஜ்யமும் புதிதாக எழுந்தது. அவரும் மூன்று தடவை பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவரோடு மொத்தக் கடையும்.

13 மே அன்று சொன்ன தோவாளைச் சந்தை உவமையை வாபஸ் வாங்குகிறேன். ஒரு கடைக்காரர் மயங்கி விழுந்து, தெளிந்து, திரும்ப மயங்கி என்று நாலு தடவை ஆனால் சந்தையையே பூட்டிவிட்டுப் போகும் காவலாளிதான் இங்கே இருந்திருக்கிறார். அவரை அப்படி நிறுத்தி வைத்தது நான்.

திருத்தம் இரண்டு வரி. காத்தாடிப் புராசஸ்களைத் தானாக எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை யார் யார் இல்லை என்று பார்த்து நிதானமாக எழுப்பும் ஒரு புராசஸ் வைத்தேன். திறன் கட்டத்தில் 0 ஏற்காதபடி ஆபீஸ் திரையிலும் தடை போட்டோம். “ஆடியில எதையும் தொடாண்டாம்” என்ற கட்டளையை மீறித்தான் இதைச் செய்ய வேண்டியிருந்தது.

அண்ணாச்சி திட்டவில்லை. “டானிக் குடிச்சும் காய்ச்சலா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

20 ஜூலை 2024

இந்தச் சம்பவத்தைப் படித்துவிட்டு ஜாவாவே நல்லது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். ஜாவாவில் எழுதியிருந்தால் வேறு ஏதாவது ஒரு ராத்திரி வேறு ஏதாவது ஒன்றுக்கு எழுந்திருப்பேன். ஒரு வேறுபாடு சொல்லலாம்: ஜாவாவில் நீ மாட்டிக்கொண்ட அதே குழியில் ஏற்கெனவே ஆயிரம் பேர் விழுந்து, எழுந்து, எழுதி வைத்திருப்பார்கள். இங்கே பத்துப் பேர். செலவுத் தாளில் இதற்கும் ஒரு வரி போட்டிருக்க வேண்டும், நான் போடவில்லை.

17 செப்டம்பர் 2024

ஓணம் முடிந்து தோவாளையில் பூ விலை இறங்கிவிட்டது. வீட்டில் பிச்சிப்பூ கேட்டார்கள், இப்போதுதான் வாங்கத் தைரியம் வந்தது.

வந்த விஷயம் வேறு. “ரெண்டு பேருக்குத் தெரியணும்” என்ற நிபந்தனைக்காக 2022-ல் தக்கலைப் பெண் ஒருவரைப் பழக்கினேன். இங்கேயே கல்லூரி முடித்தவர், முன்அனுபவம் இல்லை. ஏழே வாரத்தில் என்னைவிட நன்றாக எழுத ஆரம்பித்துவிட்டார். அண்ணாச்சியிடம் நான் ஒரு வாதம் வைத்திருந்தேன்: இந்த மொழிக்கு இந்த மாவட்டத்தில் வேறு வேலையே கிடையாது, ஆகவே பழகியவர் ஓட மாட்டார். புத்திசாலித்தனமான வாதம் என்று நினைத்தேன்.

நேற்று ராஜினாமா கடிதம் கொடுத்தார். வெளிநாட்டுக் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை, சம்பளம் டாலரில். தக்கலையை விட்டு நகரவே போவதில்லை. ஜாவா தெரிந்த லட்சம் பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் எலிக்ஸிர் தெரிந்தவர் சிலரே என்பதால் நேரே உள்ளே போய்விட்டார். ஆள் கிடைப்பது அரிது என்பது நமக்கு மட்டும் உதவும் விஷயம் இல்லை என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

அவருக்கு மனசாரச் சந்தோஷப்பட்டேன், ஆபீஸ் முழுக்க ரசவடை வாங்கிக் கொடுத்தார். அப்புறம் பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

18 செப்டம்பர் 2024

நல்லவேளை, ஈத்தாமொழிப் பையன் ஒருவனும் ஒரு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். இனி “ரெண்டு பேர்” என்பதை மூன்று என்று மாற்றும்படி நானே அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறேன். சம்பளக் கணக்கும் மாற்ற வேண்டும் என்றேன். டீ குடிக்கப் போய்விட்டார்.

5 அக்டோபர் 2024

எரிக்சனிலேயே எர்லாங்கைத் தடை செய்தார்களாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம். 1998-ல் எரிக்சன் ரேடியோ சிஸ்டம்ஸ் பிரிவு, புதுப் பொருள்களில் எர்லாங் கூடாது என்று சொல்லிவிட்டது. உலகம் முழுக்க எல்லாரும் பயன்படுத்துகிற மொழியில் நாமும் இருந்தால்தான் நல்லது, சொந்த மொழியை நாமே சோறு போட்டு வளர்க்க வேண்டுமா என்பது அவர்கள் பக்க யோசனை. அதே வருடக் கடைசியில் மொழியைத் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். ஆம்ஸ்ட்ராங் முதலானோர் வெளியேறித் தனியாகக் கம்பெனி தொடங்கினார்கள். 2004-ல் அவரையே எரிக்சன் திரும்ப வேலைக்கு எடுத்தது.

முன்பெல்லாம் இதை மேலாளர்கள் முட்டாள்கள் என்பதற்குச் சாட்சியாகச் சொல்வேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பெற்றெடுத்த வீட்டிலேயே கேட்கப்பட்டது எங்கள் அண்ணாச்சி கேட்ட அதே கேள்விதானே.

வியாவெப் கதையும் அப்படித்தான். பால் கிரஹாம் 1995-ல் லிஸ்ப் என்ற மொழியில், இணையத்தில் கடை அமைக்கும் அந்த மென்பொருளை எழுதி, 1998-ல் யாஹூவுக்கு விற்றார். அபூர்வ மொழிக்காரர்கள் எல்லாரும் சாமி கும்பிடும் கதை. வாங்கியவர்கள் பின்னால் அதை சி பிளஸ் பிளஸ்ஸிலும் பெர்ல்லிலும் திருப்பி எழுதினார்கள். விற்றவருக்கு லாபம், அதில் சந்தேகமில்லை. திருப்பி எழுத உட்கார்ந்தவர்கள் அந்தக் கதையை வேறு மாதிரி சொல்வார்கள்.

27 ஜனவரி 2025

மூன்று வாரமாக ஆளைக் காணோம் என்று கேட்டவர்களுக்கு: செட்டிகுளம் பக்கம் பைக்கில் வழுக்கி விழுந்து வலது கால் முறிந்தது. மருத்துவமனை, மாவுக்கட்டு, வீட்டில் படுக்கை. டீக்கடைப் பேச்சில் “நீ பஸ்ஸில் அடிபட்டால்” என்று கணக்குப் போடுவோமே, எனக்கு பஸ் தேவைப்படவில்லை, ஈர மண்ணே போதுமாக இருந்தது.

“நாளைக்கு நீ இல்லைன்னா” என்பதற்கு மூன்று வருடம் கழித்துப் பரீட்சை நடந்தது. இந்த மூன்று வாரத்தில் ஈத்தாமொழிப் பையன் ஒரு புது மீட்டர் வகையைச் சேர்த்திருக்கிறான். ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறான், அது நான் 2022-ல் எழுதிவைத்தது. எனக்கு வந்தது ஒரே ஒரு போன்.

“அண்ணே, சர்வர் பாஸ்வேர்டு எங்க எழுதி வச்சிருக்கிய?”

எங்கும் எழுதி வைக்கவில்லை. என் தலைக்குள் இருந்தது. ஆளுக்கு ஒரு மொழி சொல்லிக்கொடுத்தேன், பாஸ்வேர்டைச் சொல்லவில்லை.

9 பிப்ரவரி 2025

படுத்துக்கொண்டே யோசித்ததில் இன்னொன்று. 37-க்கு 0 என்று மேலே எழுதினேனே, அதில் மொழிக்கு எவ்வளவு பங்கு? பைத்தான் நிரலை எழுதியபோது எனக்கு மோடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. சிம் தொடுப்பு சும்மா கிடந்தால் நடுவில் உள்ளவர்கள் சத்தமில்லாமல் அறுத்துவிடுவார்கள், இந்தப் பக்கம் இன்னும் உயிரோடிருப்பதாகவே தெரியும் என்பதெல்லாம் ஆறு வருடம் அடிபட்டுக் கற்றது. எலிக்ஸிரில் எழுத உட்கார்ந்தபோது அந்த ஆறு வருடமும் கையில் இருந்தது. அதே அறிவோடு பைத்தானில் புதிதாக எழுதியிருந்தால்? 37 என்பது 3 ஆகியிருக்குமோ, 10 ஆகியிருக்குமோ. அந்தச் சோதனையை யாரும் செய்யவில்லை, இனிச் செய்யப் போவதும் இல்லை. ஆனால் புதிதாக எழுத அனுமதி கிடைத்தது எலிக்ஸிர் என்ற சாக்கில்தான். “பழசையே திரும்ப எழுதப் போகிறேன்” என்று கேட்டிருந்தால் அண்ணாச்சி சம்பளத்தை நிறுத்தியிருப்பார்.

2 மார்ச் 2025

குளச்சல் பக்கம் ஐஸ் பிளான்ட் வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். குளிரூட்டும் அறையின் வெப்பநிலை ஏறினால் ராத்திரி போன் வர வேண்டும், எட்டு சென்சார். நான் பேசாமல் இருந்தேன். எட்டு சென்சாருக்கு எதையும் போடலாம், பைத்தான் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அண்ணாச்சி முந்திக்கொண்டார்: “அந்த டானிக்கையே குடுத்துரு. புதுசா ஒண்ண ஆரு படிக்க?”

14 மார்ச் 2025

முதல் கேள்வி கேட்ட தம்பி பத்து மாதம் கழித்து வந்திருக்கிறான். ஸ்லைடை 24-லிருந்து 6 ஆகக் குறைத்தானாம், இந்த முறை முதலாளி டீயை மேசைக்கே வரவழைத்து முழுக்கக் கேட்டாராம், கேட்டுவிட்டு வேண்டாம் என்றாராம். எங்கே தப்பு என்று கேட்கிறான்.

ஆறு ஸ்லைடையும் அனுப்பியிருந்தான், பார்த்தேன். அழகாக இருக்கிறது. தம்பி, உங்கள் கம்பெனி என்ன மென்பொருள் செய்கிறது, அதில் எது எப்போது படுக்கிறது, படுத்தால் யாருக்கு எத்தனை ரூபாய் நட்டம்? ஆறில் எதிலும் அது இல்லை. இந்தப் பத்து மாதத்தில் எங்களிடமும் நீ சொல்லவில்லை.